முதலில் ஊசியை விடு, பிறகு வா

ஊசியில் போதை மருந்து எடுப்பவர் "தூக்கம் இல்லை, உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை" என்று வந்து நின்றால், பல மனநலப் பிரிவுகளில் முதலில் ஊசியை விட்டுவிட்டு வரச் சொல்கிறார்கள். போதை மீட்பு மையத்திலோ, மனநோய் இருந்தால் சேர்க்க மாட்டோம் என்கிறார்கள். இந்த இரண்டு வாசலுக்கும் நடுவில்தான் ஆட்களை இழக்கிறோம். போதைப் பழக்கத்தோடு வரும் மனநலப் பாதிப்பும் மனநோய்தான் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே வரையறுத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சேர்த்துப் பார்ப்பதிலும் ஒரு வரிசை உண்டு. ஹெராயின் எடுப்பவருக்குக் கடைசி ஊசிக்குப் பின் 8 முதல் 12 மணி நேரத்தில் கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றுவலி, படபடப்பு எல்லாம் தொடங்கும். இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்தில் உடம்பு ஓரளவு அடங்கும். தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பில்லாத வெறுமையும் மட்டும் வாரக்கணக்கில் இழுக்கும். இந்த நேரத்தில் மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.க்யூ-9 தாளைக் கொடுத்தால், 27க்கு 10ஐத் தாண்டாதவர் அரிது. அதை மட்டும் வைத்து மனச்சோர்வு என்று முடிவுகட்டுவது அவசரம். ஊசிக்குப் பதிலாக மையத்தில் கொடுக்கும் புப்ரினார்ஃபின் போன்ற மாற்று மருந்தின் அளவு நிலைபெற்று நான்கு வாரம் ஆனபின் மறுபடி எடுங்கள். அப்போதும் 10க்குக் குறையவில்லை என்றால் அது தனி நோயாக இருக்கலாம். ஊசிப் பழக்கத்துக்கு முன்பே மனச்சோர்வு இருந்திருந்தால் இவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை.

ஒன்பதாவது கேள்வி, அதாவது தற்கொலை எண்ணம் பற்றியது, இதற்கு விதிவிலக்கு. அதை முதல் நாளே, நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் எண்ணம் முளைத்துவிடாது. கடைசியாக மயங்கி விழுந்தது தவறுதலாகவா, எழுந்தால் எழுகிறேன் என்ற மனநிலையிலா என்பதையும் கேளுங்கள். பெரும்பாலும் விடை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கும்.

மாற்று மருந்து மையத்தில் நடக்கும் சில பிழைகள் மனநோய் போலவே தோன்றும். ஹெராயின் உடம்பில் இருக்கும்போதே முதல் புப்ரினார்ஃபின் மாத்திரையைக் கொடுத்தால், அது ஹெராயினைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சிறிது நேரத்தில் வியர்வை, நடுக்கம், கடும் பதற்றம். குறைந்தது 12 மணி நேரம் போய், ஊசி நின்றதால் வரும் விலகல் அறிகுறிகள் கண்ணுக்குத் தெரிந்தபிறகே கொடுக்க வேண்டும். மாத்திரை நாக்குக்கு அடியில் முழுதாகக் கரைய 5 முதல் 10 நிமிடம் பிடிக்கும். விழுங்கிவிட்டால் பெரும்பகுதி வீண். அளவு போதாதவர் மாலையில் எரிந்து விழுவார், இரவில் தூங்க மாட்டார். அவருக்கு வேண்டியது அளவை உயர்த்துவது. மனநல மாத்திரை அல்ல. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கியவருக்கும் இதே கதைதான்: அந்த மருந்து புப்ரினார்ஃபினை உடம்பில் வேகமாகச் சிதைத்துவிடும்.

எங்களை மிகவும் கவலைப்பட வைப்பது தூக்க மாத்திரை. டயஸிபாம், அல்பிரஸோலம், நைட்ரஸிபாம் எதுவானாலும் ஓபியாய்டோடு, அதாவது ஹெராயின், புப்ரினார்ஃபின் போன்ற வகை மருந்தோடு சேர்ந்தால் மூச்சு அடங்கிப் போகும். மதுவும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். "தூக்கம் வரவில்லை" என்றதும் பத்து மாத்திரை எழுதிக் கொடுப்பது உதவி ஆகாது. டேபென்டடால் வலி மாத்திரையை ஊசியில் ஏற்றுபவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. அதனோடு செர்ட்ரலின், ஃப்ளூக்ஸெடின் போன்ற மனச்சோர்வு மருந்து சேரும்போது செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் மிகுந்து காய்ச்சல், நடுக்கம், குழப்பம் வரலாம். வலிப்புக்கும் வாய்ப்பு உண்டு. அதனால் என்ன ஊசி, கடைசியாக எப்போது என்று கேட்காமல் எந்த மருந்தும் எழுதக் கூடாது. திட்டாமல் கேட்டால்தான் உண்மை வரும்.

சிறையிலிருந்தோ மீட்பு மையத்திலிருந்தோ வெளியே வந்த முதல் இரண்டு வாரம் மிக ஆபத்தானது. உடம்பின் தாங்குதிறன் குறைந்திருக்கும், மனமோ நொறுங்கியிருக்கும், கை பழைய அளவையே எடுக்கும். அந்த நாட்களில் வீட்டார் அவரைத் தனியாகப் பூட்டி வைக்க வேண்டாம். மயங்கி மூச்சு குறைந்தால் 108ஐ அழையுங்கள். மனம் தாங்காத இரவுகளில் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416 எந்நேரமும் எடுக்கும், தமிழிலும் பேசலாம்.

மனச்சோர்வு மருந்து வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். இது தெரியாமல் பலர் பத்தாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். மாற்று மருந்துக்குத் தினமும் வருபவருக்கு அதே இடத்தில், அதே நேரத்தில் இதையும் கொடுத்துவிடலாம். வீட்டுக்குக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகை மனச்சோர்வு மருந்துகளை மொத்தமாக விழுங்கினால் இதயம் நின்றுவிடலாம் என்பதால், தற்கொலை எண்ணம் உள்ளவர் கையில் அதைக் கொடுக்கவே வேண்டாம்.