கம்ப்யூட்டரை ஆபீஸ் மேசைக்குக் கொண்டுவந்தது ஒரு கணக்குத் தாள்

ஆப்பிள் 2 கம்ப்யூட்டர் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் ஜாப்ஸ், வாஸ்னியாக், கராஜ் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். சரி, அது நல்ல கதைதான். ஆனால் 1977ல் வந்த அந்த மெஷினை ஒரு கம்பெனி மேனேஜர் காசு கொடுத்து வாங்க என்ன காரணம் இருந்தது? விளையாடலாம், பேசிக் என்ற எளிய கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதலாம். அவ்வளவுதான். 1979 அக்டோபரில் விசிகால்க் வந்த பிறகுதான் உருப்படியான காரணம் கிடைத்தது. கட்டம் போட்ட கணக்குத் தாளைத் திரையில் காட்டி, ஒரு எண்ணை மாற்றினால் அதைத் தொட்ட மற்றதையும் தானே திரும்பக் கணக்குப் போடும் புரோகிராம் அது. சுமார் 100 டாலர் விலையுள்ள ஒரு புரோகிராமுக்காக ஆயிரக்கணக்கில் செலவழித்து மெஷினையும் வாங்கினார்கள்.

அதற்கு முன் பட்ஜெட் போடுவது என்றால் பெரிய கட்டம் போட்ட தாள், பென்சில், ரப்பர், பக்கத்தில் ஒரு கால்குலேட்டர். பன்னிரண்டு மாதத்துக்கும் வரவு, செலவு, வட்டி எல்லாம் போட்டு முடித்த பிறகு முதலாளி வந்து "வட்டியை அரை சதவீதம் கூட்டிப் பாரேன்" என்று சொன்னால் அன்றைய பொழுது போச்சு, ஒன்றை அழித்தால் அதைத் தொட்டு நிற்கும் எல்லாவற்றையும் அழித்துத் திரும்பப் போட வேண்டும்.

டேன் பிரிக்லின் ஹார்வர்டில் எம்பிஏ படிக்கும்போது இதே கூத்தைக் கரும்பலகையில் பார்த்திருக்கிறார். 1978ல் ஒரு ஆப்பிள் 2வை இரவல் வாங்கி, ஒரு வார இறுதியில் பேசிக்கில் மாதிரி ஒன்றைச் செய்துவிட்டார். நிஜப் புரோகிராமை எழுதியவர் அவர் நண்பர் பாப் ஃபிராங்க்ஸ்டன். பெரும்பாலும் ராத்திரியில்தான் எழுதினார், ஏனென்றால் அவர் வாடகைக்கு எடுத்த பெரிய கம்ப்யூட்டரில் ராத்திரிக் கட்டணம் குறைவு.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது கர்சர் விவகாரம். முதலில் வீடியோ விளையாட்டுக்கான பேடிலை, அதாவது திருகும் குமிழை, வைத்துத்தான் கட்டம் விட்டுக் கட்டம் நகர்த்தப் பார்த்தார்கள், அது சொன்ன இடத்தில் நிற்கவில்லை. சரி, அம்புக்குறி விசைக்குப் போகலாம் என்றால் ஆப்பிள் 2 கீபோர்டில் இருந்ததே இரண்டுதான், இடது, வலது. மேலே கீழே போக விசையே இல்லை! அதனால் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் திசை மாறும் என்று வைத்தார்கள். ஒரு தட்டு தட்டினால் அதே இரண்டு விசையும் மேலும் கீழுமாக வேலை செய்யும், எந்தத் திசை என்பதை திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் குறி காட்டும். திரையில் வரிக்கு 40 எழுத்து, அதுவும் ஆங்கில கேபிடல் எழுத்து மட்டும். இதற்குள்தான் 254 வரிசை, 63 நெடுவரிசை கொண்ட தாளைச் சன்னல் வழியாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். இன்று நாம் ஸ்க்ரோல் பார் கொஞ்சம் திணறினாலே கத்துகிறோம்.

1981ல் ஐபிஎம் பிசி வந்தது, 1983ல் அதற்கான கணக்குத் தாள் புரோகிராமான லோட்டஸ் 1-2-3. அதை ஜொனாதன் சாக்ஸ், மெஷினுக்கு மிக நெருக்கமான அசெம்பிளி மொழியில் எழுதி, திரைக்கான மெமரியிலேயே நேரடியாக எழுத வைத்ததால் வேகம் பிய்த்துக்கொண்டு போனது. ஐபிஎம் மாதிரியே செய்கிறோம் என்று சொன்ன கம்பெனிகளின் மெஷினைச் சோதிக்க லோட்டஸ் ஓடுகிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். விசிகால்க்கை எழுதியவர்களும் விற்றவர்களும் அதே சமயத்தில் கோர்ட்டில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், சந்தை கைமாறிவிட்டது. 1985ல் பிரிக்லினின் கம்பெனியை லோட்டஸே வாங்கிக்கொண்டது. பேடன்ட் எடுக்காமல் விட்டாரே என்று பலர் அவருக்காக வருத்தப்படுகிறார்கள், அன்றைக்கு அமெரிக்காவில் சாஃப்ட்வேருக்குப் பேடன்ட் வாங்குவது குதிரைக் கொம்பு. வாங்கியிருந்தால் லோட்டஸும் எக்செல்லும் இப்படி வந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

லோட்டஸின் தப்பும் நம்மோடு இருக்கிறது. 1900ஐ அது லீப் வருடமாக எடுத்துக்கொண்டது, பழைய கோப்புகள் ஒத்துப்போக வேண்டுமே என்று மைக்ரோசாஃப்டும் தெரிந்தே அதைத் தூக்கிவைத்துக்கொண்டது. எக்செல்லில் 60 என்று அடித்துத் தேதி வடிவத்துக்கு மாற்றுங்கள், இல்லாத பிப்ரவரி 29 வந்து நிற்கும். விசிகால்க்கில் கட்டளை கொடுக்க முதலில் சாய்வுக் கோடு (/) விசையைத் தட்ட வேண்டும், லோட்டஸும் அப்படியே. இன்றைய எக்செல்லிலும் காலிக் கட்டத்தில் அதைத் தட்டிப் பாருங்கள், மேலே மெனு விழித்துக்கொள்ளும்.