மூட்டு ஆபரேஷனும் ஒரு யூரின் கல்ச்சரும்

அம்மாவின் மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு ஃபிட்னஸ் வாங்கும்போது ஈசிஜி, எக்கோ, சுகர் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. இடக்கு பண்ணியது, சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் யூரின் கல்ச்சர்தான். இத்தனைக்கும் எரிச்சலோ காய்ச்சலோ எதுவும் கிடையாது.

முதல் ரிப்போர்ட்டில் 'மிக்ஸ்டு குரோத்'. பல கிருமிகள் சேர்ந்து வளர்ந்தால் பெரும்பாலும் தோலிலிருந்து கலந்ததுதான்; சாம்பிளை மறுபடி எடுக்க வேண்டும். காலையில் கொடுத்த டப்பா, மதியம் வண்டி வரும்வரை கலெக்‌ஷன் சென்டர் மேஜையிலேயே கிடந்தது. வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கொஞ்சநஞ்சக் கிருமியும் பெருகிவிடும். ஃப்ரிட்ஜில் வைத்தால் 24 மணி நேரம் தாங்கும். கேட்டால், "எல்லா சாம்பிளும் இப்படித்தான் போகுது மேடம்" என்கிறார்கள். நேராக லேபிலேயே கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது.

மூட்டுவலிக்காரர்களுக்குக் குந்த முடியாது. வெஸ்டர்ன் டாய்லெட்டில் காலை அகட்டி உட்கார வைத்து, முன்னிருந்து பின்னாகக் கழுவி, தோல் மடிப்பை விலக்கிப் பிடித்து, முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். டப்பாவை இன்னொருவர் பிடித்தால்தான் சரிவரும். விளிம்பு உடம்பில் படக்கூடாது, மூடியின் உள்பக்கம் கை படக்கூடாது.

அடுத்த ரிப்போர்ட்டில் ஈ.கோலை என்ற குடல் கிருமி, மில்லிக்கு 1,00,000-க்கு மேல். பஸ் செல்ஸும் (சீழ் அணுக்கள்) உண்டு. டியூட்டி டாக்டர் உடனே ஆன்டிபயாடிக் எழுதி, ஆபரேஷனைத் தள்ளிவைக்கச் சொன்னார். இங்கேதான் விட்டுக்கொடுக்கக் கூடாது. வயதான பெண்களுக்கு அறிகுறியே இல்லாமல் கிருமி இருப்பது சகஜம். பஸ் செல்ஸ் இருப்பதாலேயே அது நோய்த்தொற்று ஆகிவிடாது. அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல், சிறுநீர்ப் பாதை சம்பந்தமில்லாத ஆபரேஷனுக்கு இந்தப் பரிசோதனையே வேண்டாம் என்கிறது. சுகர் இருந்தாலும் அதேதான். மருந்து கொடுத்தால் கிருமி கொஞ்ச நாளில் திரும்பி வரும், அதுவும் அந்த மருந்துக்கு மசியாததாக வரலாம், வயிற்றுப்போக்கு வேறு.

சீனியர் சர்ஜனைப் பார்த்து, அறிகுறி இல்லை என்பதை கேஸ் ஷீட்டில் எழுதச் சொன்னதும் மாத்திரை ரத்து. கீறலுக்கு முன் எல்லோருக்கும் வழக்கமாகப் போடும் ஆன்டிபயாடிக் ஊசியோடு ஆபரேஷன் முடிந்தது.

கர்ப்பிணிகள் இதைப் பார்த்து மருந்தை விட்டுவிடாதீர்கள். அவர்களுக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் சிகிச்சை உண்டு. சிறுநீர்ப் பாதைக்குள் கருவி விட்டுச் செய்யும், ரத்தம் கசியக்கூடிய ஆபரேஷன்களுக்கும் அப்படியே. குளிர்காய்ச்சல், விலாப்பக்க வலி வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.