ஊஞ்சல் கொக்கியில் எட்டுக் கயிறு

நம் பள்ளியின் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று சிங்கப்பூர்க் கிளைச் செயலாளர் மூன்று வருடமாகக் கேட்கிறார். தலைமையாசிரியரின் பிரம்பு, வாசல் வேப்பமரம், மணியடிக்கும் தண்டவாளத் துண்டு எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். எனக்கு மிச்சம் கோலாட்ட டீச்சர்தான். பெயர் போட்டால் "என்னைப் பத்தி எழுத என்ன இருக்கு" என்று கோபிப்பார். டீச்சர் என்றே இருக்கட்டும்.

1984-ல் நான் ஒன்றாம் வகுப்பு. சின்ன வகுப்புகளுக்கு இடம் போதாமல், தெருவில் பூட்டிக் கிடந்த ஒரு செட்டியார் வீட்டின் வளவைப் பள்ளிக்குக் கேட்டு வாங்கியிருந்தார்கள். வீட்டுக்காரர்கள் பினாங்கில். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு அவர்கள் வந்தால் எங்களுக்கு லீவு. நடுவில் வானம் தெரியும் முற்றம், சுற்றிலும் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் ஆத்தங்குடிக் கல் பாவிய தரை.

அந்தக் கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் என்னால் நகர முடியாது. அப்பா கல் பட்டறையில் வேலை பார்த்தவர். கண்ணாடித் துண்டின் மேல் அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கலர்க் கலவையைக் கரண்டியால் ஊற்றி, கை நடுங்காமல் அச்சைத் தூக்குவார். அதன் மேல் மணலும் சிமெண்டும். சூளை கிடையாது. தண்ணீர்த் தொட்டியில் ஊறிக் காய்ந்த பிறகு கண்ணாடியை எடுத்தால் பூ சிரிக்கும். "ஆள் நடக்க நடக்கத்தான் கல்லுக்குப் பளபளப்பு ஏறும்" என்பார். நாங்கள் அறுபது பேர் அந்தத் தரையில் குதித்ததைக் கேட்டு ஊரில் சந்தோஷப்பட்ட ஒரே பெரியவர் அவர்தான்.

அப்பத்தாவுக்கு அது ஆகாது. "ஆடுறதுக்கா பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறோம்?" என்று டீச்சரிடமே கேட்டுவிட்டது. டீச்சர் பதில் சொல்லாமல், "நாளைக்கு வெள்ளன வாங்கம்மா, கும்மிக்கு ஒரு ஆள் குறையுது" என்றார். அப்பத்தா வந்தது. அப்புறம் வாரம் ஒரு நாள் தவறாமல் வந்தது.

டீச்சருக்குத் தரையே கரும்பலகை. ஆளுக்கு ஒரு பூ. பூவில் வலது கால், கோட்டில் இடது கால். ஒரு பக்கத்துப் பிள்ளைகள் "தகிட, தகிட" என்று மூன்று மூன்றாகத் தட்ட வேண்டும். எதிர்ப் பக்கம் "தகதிமி, தகதிமி" என்று நான்கு நான்காக. முதல் தட்டு மட்டும் உரக்க விழும். ஆரம்பத்தில் சந்தைக்கடைச் சத்தம். கொஞ்ச நேரத்தில் பன்னிரண்டு தட்டுக்கு ஒரு முறை இரண்டு பக்கத்து உரத்த தட்டும் ஒன்றாக விழுவது காதில் பட்டது. ஏன் பன்னிரண்டு என்று அவர் சொல்லவே இல்லை. ஐந்தாம் வகுப்பில் கணக்கு சார் மீச்சிறு பொது மடங்கு என்று போர்டில் எழுதியபோது, வளவில் ஆடிய அத்தனை பேரும் காலால் தரையைத் தட்டினோம். சார் திரும்பி முறைத்தார்.

மத்தியானம் சத்துணவு முடிந்ததும் பல்லாங்குழி. குழிக்கு ஐந்து புளியங்கொட்டை, பதினாலு குழிக்கு எழுபது. கொட்டை காணாமல் போனால் தேடியெடுக்கும் வரை ஆட்டம் கிடையாது. மற்றபடி அந்த நேரத்தில் டீச்சர் தலையிட மாட்டார். தூணில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, யார் அழுகுணி ஆட்டம் ஆடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். சண்டை வந்தால் "நீங்களே பேசிட்டு வாங்க" என்பதோடு சரி.

நான்காம் வகுப்பில் பின்னல் கோலாட்டம். ஊஞ்சல் கொக்கியில் எட்டுக் கயிறு. கயிறு என்ன கயிறு, பழைய சேலையைக் கிழித்து முறுக்கியது. என் பங்குக்கு வந்தது அப்பத்தாவின் அரக்குச் சேலை. கோல்கள் ஓலைக் கொட்டானில் இருக்கும். இடது கையில் கயிறு, வலது கையில் கோல். நாலு பேர் வலம், நாலு பேர் இடம். எதிரே வருகிற முதல் ஆளுக்கு உள்பக்கம், அடுத்த ஆளுக்கு வெளிப்பக்கம், மறுபடி உள்பக்கம். கோலோடு கோல் தட்டிப் போகப் போக மேலே ஜடை இறங்கும். பிறகு அதே வழியில் திரும்பி ஆடினால் பின்னல் அவிழ வேண்டும்.

ஒருவர் தப்பினாலும் பின்னும்போது தெரியாது. அவிழ்க்கும்போதுதான் தெரியும்.

அதிகாரி ஒருவர் பார்வையிட வந்த நாளில் தப்பியது நான். வாசலில் அப்பா நிற்பதைப் பார்த்துவிட்டு, வெளியே போக வேண்டிய இடத்தில் உள்ளே நுழைந்தேன். பின்னல் அழகாகத்தான் விழுந்தது, அதிகாரி கைதட்டினார். திரும்பி ஆடினோம். பாதியில் முடிச்சு. எட்டுப் பேரும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றோம். டீச்சர் கத்தரிக்கோல் தேடவில்லை, அதிகாரியிடம் மன்னிப்பும் கேட்கவில்லை. "எல்லாரும் கயித்தை இழுத்துப் பிடிங்க. யார் கலர் யார் கலருக்கு மேல போகுதுன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றார். அரக்குக்கு மேல் பச்சை, பச்சைக்கு அடியில் மஞ்சள் என்று சொல்லிச் சொல்லி, நான் இரண்டு ஆளைச் சுற்றி வந்ததும் முடிச்சு விட்டது. அதிகாரி காப்பியை ஆறவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் எங்களை ஆண்டுவிழா மேடையில் ஏற்றியதே இல்லை. மேடை என்றால் முன்வரிசை, பின்வரிசை வந்துவிடும். கும்மிக்கு ஏது முன்வரிசை என்பார். அதன் அர்த்தம் பிறகு வேறு ஊரில் மேல்நிலைப் பள்ளிக்குப் போனபோது புரிந்தது. அங்கே விழா நடனத்துக்கு நிறம் பார்த்து நிறுத்தினார்கள். எனக்குக் கிடைத்த இடம் அட்டையில் வெட்டிய தென்னை மரத்துக்குப் பின்னால். முழு நடனமும் சரியாக ஆடினேன். பார்த்தது மரம் மட்டும்தான். இன்றைக்கும் ஆண்டுவிழா வீடியோ யாராவது அனுப்பினால் நான் முதலில் பார்ப்பது கடைசி வரிசையை.

இப்போது இங்கே சிங்கப்பூரில் ஒரு பாலர் பள்ளியில் தமிழ் ஆசிரியை. பயிற்சியில், இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-ல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்கு வகுப்பெடுத்ததைப் படித்தேன். நடனக் கலைஞர் ருக்மிணி தேவி 1936-ல் கலாக்ஷேத்ரா கலைப் பள்ளியைத் தொடங்கியதும் அதே அடையாற்றில்தான். விளையாடுவது குழந்தையின் உரிமை என்று 1989-ல் வந்த ஐ.நா. உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு சொல்கிறது என்பதும் பாடத்தில் இருந்தது. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினேன். ஆனால் வகுப்பில் கைக்கு வருவது என்னவோ வளவுதான். ஊரில் என் அண்ணன் மகளும் டீச்சர். 2022-ல் வந்த தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்று வரை பாட்டு, ஆட்டம் என்றே பாடம் நடக்கிறது என்கிறாள். "உங்க தகிட தகதிமியை ஒரு வாய்ஸ் மெசேஜ்ல அனுப்புங்க அத்தை" என்று போன மாதம் கேட்டாள். அனுப்பினேன்.

இன்னொன்று. எங்கள் வகுப்பில் ஒரு பையன் ஆடவே வர மாட்டான். தூணைக் கட்டிக்கொண்டு நிற்பான். இழுத்து வரப் போன என்னை டீச்சர் தடுத்துவிட்டார். "அவன் பார்க்கிறான்ல, அதுவும் ஆட்டந்தான்." ஒன்பது நாள் கழித்து அவனாகவே கொட்டானில் கோல் தேடினான்.

என் வகுப்பிலும் இந்த வருடம் அப்படி ஒருவன் இருக்கிறான். நாலு வயது. கும்மி தொடங்கினால் செருப்பு அலமாரிப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வான். மூன்று வாரமாகிறது. அவனுக்காக வட்டத்தில் ஓர் இடம் விட்டே ஆடுகிறோம். இன்னும் வரவில்லை. கட்டைவிரல் மட்டும் தரையில் தட்டிக்கொண்டிருக்கிறது, மூன்று மூன்றாக.