அச்சை எடை போட்டு விற்றார்கள்

2009-ல் நான் வேலைக்குச் சேர்ந்த கார்பன் ஃபைபர் பட்டறையில் என்னையும் சேர்த்து 14 பேர். சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்குக் கரையில் ஒரு தகரக் கொட்டகை. எக்ஸ்ரே எடுக்கும்போது நோயாளி படுக்கிற மேசைப் பலகை, சைக்கிள் உதிரிகள், யாராவது கிறுக்குத்தனமாக வரைந்து கொண்டுவரும் ஒற்றைப் பொருள்கள் எல்லாம் செய்வோம். ஊரில் கேட்டால் அப்பா "அமெரிக்காவில் ஏரோஸ்பேஸ்" என்று சொல்லிவைத்திருந்தார். நானும் மறுக்கவில்லை.

அங்கே எல்லாவற்றுக்கும் மையம் ஒரு ஃப்ரீசர். பிசின் தோய்த்த கார்பன் துணி, அதாவது ப்ரீப்ரெக், உறைநிலைக்குக் கீழேதான் இருக்க வேண்டும். வெளியே எடுத்த நொடியிலிருந்து அதற்கு வயதாகத் தொடங்கிவிடும். எத்தனை மணி நேரம் வெளியே இருந்தது என்று ஒவ்வொரு சுருளுக்கும் ஓர் அட்டை உண்டு. சேர்ந்த மூன்றாம் மாதம், நீண்ட விடுமுறைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஒரு சுருளை நான் மேசையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். செவ்வாய்க்கிழமை வந்து தொட்டால் ஒட்டவே இல்லை, வெயிலில் காய்ந்த வடாம் மாதிரி விறைத்துக் கிடந்தது. முதலாளி திட்டவில்லை. அட்டையில் என் கையாலேயே "குப்பை" என்று எழுத வைத்தார். திட்டியிருக்கலாம்.

அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சின்னக் குழுவில் பேஸ், அதாவது கீழ்ச்சுரங்களுக்கான கிட்டார், வாசித்துக்கொண்டிருந்தேன். சுமாரான வாசிப்புதான். அங்கேதான் ஒருவர் கையில் மாடுலஸ் என்ற கம்பெனியின் பேஸைப் பார்த்தேன். பின்பக்கம் திருப்பியதும் கறுப்புக் கழுத்து, அதாவது கம்பிகள் ஓடும் நீண்ட தண்டு. மரம் இல்லை, நான் வாரம் ஐந்து நாள் தடவிக்கொண்டிருந்த அதே பொருள். பெயரைப் படித்ததும் சிரிப்பு வந்தது. மாடுலஸ் என்றால் குணகம். தமிழ் வழியில் படித்த என்னைப் போன்றவர்கள் பிளஸ் ஒன் இயற்பியலில் "யங் குணகம் வரையறு" என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்த அதே குணகம். வாத்தியத்துக்கு யாழ் என்றோ தேன் என்றோ பெயர் வைப்பார்கள், இவர்கள் விறைப்பின் அளவையே பெயராக வைத்திருந்தார்கள். மூன்று மாதச் சம்பள மிச்சத்தில் அவர்களுடைய குவாண்டம் என்ற மாடலில் ஐந்து கம்பி பேஸ் ஒன்றைப் பழையதாக வாங்கினேன்.

அதன் கதையைத் துருவியபோது இன்னும் நெருக்கமாகிவிட்டது. மாடுலஸைத் தொடங்கிய ஜெஃப் கூல்ட் பாலோ ஆல்டோவில் ஃபோர்டு ஏரோஸ்பேஸ் நிறுவனத்தில் இருந்தவர், அவரும் பேஸ் வாசிப்பவர். 1970களின் நடுவில் கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழுவின் கச்சேரிகளில் அதன் பேஸ் கலைஞர் ஃபில் லெஷ் தோளில் தொங்கிய, அலெம்பிக் கம்பெனி செய்த கனத்த வாத்தியங்களைப் பார்த்த அவருக்கு, விண்கலப் பாகங்களுக்குப் பயன்படும் பொருளை இங்கே கொண்டுவந்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. விண்வெளியில் ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் கடுங்குளிர். நார் ஓடும் திசையில் கார்பன் ஏறக்குறைய நீளவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது. அலெம்பிக்கின் ரிக் டர்னரோடு சேர்ந்து முதல் கழுத்துகள் உருவாயின. அப்படி வந்த முதல் பேஸை ஃப்ளீட்வுட் மேக் குழுவின் பேஸ் கலைஞர் ஜான் மெக்வீ வாங்கினார். 1978-ல் மாடுலஸ் கிராஃபைட் தனிக் கம்பெனி ஆனது. 1979-ல் டர்னர் பெயரில் காப்புரிமையும் வந்தது. கிராஃபைட் என்பது அந்தக் காலத்துத் தொழில் வழக்கு. உள்ளே இருப்பது கார்பன் நாரும் எபாக்ஸிப் பிசினும்தான், பென்சில் கரி இல்லை.

ஏன் பேஸ்? சாதாரண கிட்டாரைவிட நீளமான கழுத்து, தடித்த கம்பிகள். நான்கு கம்பிகளும் சேர்ந்து சுமார் 75 கிலோ எடையைத் தொங்கவிட்ட மாதிரி எந்நேரமும் கழுத்தை இழுக்கின்றன. மரம் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து கொடுக்கும். மழைக்கு ஒரு வளைவு, கோடைக்கு ஒரு வளைவு. அதைத் திருப்பி நிமிர்த்தத்தான் மரக் கழுத்துக்குள் ட்ரஸ் ராடு என்ற இரும்புக் கம்பியை வைக்கிறார்கள். போதாததற்குச் செத்த இடங்கள் வேறு. கழுத்தே ஏதோ ஒரு சுரத்தின் அதிர்வை விழுங்கிவிடும், அந்த இடத்தில் மட்டும் ஒலி சட்டென்று அடங்கும். விறைத்த கழுத்தில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். ஒலி பியானோவின் கீழ்க்கட்டை மாதிரி கணீரென்று நீளும். "உயிரில்லாத ஒலி" என்று மரக்கட்சிக்காரர்கள் சொல்வார்கள். முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். மரம் செய்யும் சின்னச் சின்னப் பிழைகளுக்கு நம் காது பழகிப்போயிருக்கிறது.

ஆனால் இது ஒரே வாய்ப்புள்ள வேலை. தொடக்க காலக் கழுத்துகளில் ட்ரஸ் ராடே கிடையாது, பிறகுதான் சேர்த்தார்கள். அதாவது கம்பி இழுத்தால் எவ்வளவு வளைய வேண்டும் என்பதை வடிவம் தரும் அச்சுக்குள் துணி அடுக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும். பிசினை இறுக வைக்கும் அடுப்பிலிருந்து வந்த பிறகு கெஞ்சினாலும் அது வளையாது. எத்தனை அடுக்கு, எது நீளவாக்கில், எது சாய்வாக, எந்த மூலையில் ஒரு கூடுதல் துண்டு என்பதுதான் லே-அப். எங்கள் பட்டறையில் ஒவ்வொரு பொருளுக்கும் லே-அப் தாள் உண்டு. அச்சடித்த வரைபடத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியவைதான் உண்மையான வழிமுறை: "இங்கே கட்டைவிரலால் அழுத்து", "குளிர் நாளில் ஹீட் கன் காட்டு". அந்த எழுத்தில் பாதி, லே-அப் மேசையில் மூத்தவரான ஒரு வியட்நாமியப் பெண்மணியுடையது. அவர் இல்லாத நாளில் பலகைக்குள் காற்றுக்குமிழி வரும். எழுதியதை அப்படியே செய்தாலும் வரும். தேய்க்கிற வேலை இன்னொரு நரகம். கறுப்புத் தூசு தோலில் ஏறினால் இரவெல்லாம் அரிக்கும், கம்ப்யூட்டருக்குள் ஏறினால் ஷார்ட் ஆகும்.

மாடுலஸ் முப்பது வருடத்துக்கு மேல் இதைச் செய்தது. பேஸில் வழக்கமான 34 அங்குலக் கம்பி நீளத்தைத் தாண்டி 35 அங்குலத்துக்குப் போனார்கள், ஐந்தாவது கீழ்க்கம்பி தொளதொளக்காமல் நிற்பதற்காக. ஃபில் லெஷ் ஆறு கம்பி மாடுலஸ் வாசித்தார். கூல்ட் 1990களின் நடுவிலேயே விலகிப்போனார். அதற்குப் பிறகு ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவின் பேஸ் கலைஞர் ஃப்ளீ பெயரில் வந்த மாடல்தான் இளைஞர்களிடம் கம்பெனியைக் கொண்டுசேர்த்தது. அந்த ஒப்பந்தம் முடிந்ததும் அதே வாத்தியம் ஃபங்க் அன்லிமிடெட் என்று பெயர் மாறியது. 2013-ல், கலிஃபோர்னியாவின் நொவாட்டோவில் இருந்தபோது, கதவை மூடிவிட்டார்கள்.

மதியச் சாப்பாட்டு மேசையில் இதைச் சொன்னேன். யாருக்கும் கிட்டாரில் அக்கறை இல்லை. அந்த மூத்த பெண்மணி மட்டும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அச்செல்லாம் என்ன ஆச்சு?" என்று கேட்டார். வாத்தியத்தைப் பற்றிக் கேட்கவில்லை, ஆட்களைப் பற்றியும் கேட்கவில்லை. அப்போது எனக்கு அது விசித்திரமாகப் பட்டது.

வளையாத, தேயாத ஒன்றை விற்பவருக்கு வாடிக்கையாளர் திரும்பி வருவதில்லை என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. என் பேஸையே பாருங்கள், எனக்கு முன் அது இன்னொருவர் கையில் இருந்தது. நான் கொடுத்த பணத்தில் ஒரு டாலர்கூடக் கம்பெனிக்குப் போகவில்லை. யோசனையோ வெளியே போய்விட்டது. இன்று எத்தனையோ கம்பெனிகள் மேப்பிள் மரக் கழுத்துக்குள் இரண்டு மெல்லிய கிராஃபைட் குச்சிகளைப் புதைத்து விற்கின்றன. பார்த்தால் மரம், தொட்டால் மரம். வாங்குகிறவருக்கு மனசும் நிறையும், கழுத்தும் நிற்கும். முழுக் கழுத்தையும் அச்சில் வார்க்க ஆகும் வேலையில் கால்வாசிகூட இல்லை. கெட்டிக்காரத்தனம்தான். எனக்குக் கொஞ்சம் எரிச்சலும்தான்.

சில வருடம் கழித்து எங்கள் பட்டறையின் முறை வந்தது. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் ஆர்டரை வேறு நாட்டுக்கு மாற்றினார், அவ்வளவே. கடைசி வாரம் ஏலம். ஃப்ரீசருக்கு நல்ல விலை, அடுப்புக்குச் சண்டையே நடந்தது. அச்சுகள்தான் கடைசியில் மிஞ்சின. கெட்டி அலுமினியத்தில் குடைந்து, கண்ணாடி மாதிரி மெருகேற்றியவை. ஒருவர் தராசோடு வந்தார். தூக்கிக் கொடுக்க நான் நின்றேன். இது எந்தப் பாகத்துக்கு, இதில் எந்த மூலை ஒட்டிக்கொள்ளும் என்று நானாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கிலோ எண்ணை மட்டும் குறித்துக்கொண்டார். லே-அப் தாள்கள் இருந்த கோப்பை யாரும் ஏலம் கேட்கவில்லை. அதை அந்தப் பெண்மணியிடம் கொடுத்தேன். வேண்டாம் என்றார். "எனக்கு எதுக்கு? எனக்குத் தெரியுமே."

போன வருடம் என் குவாண்டத்தின் ஃப்ரெட் கம்பிகள், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள், தேய்ந்து பள்ளம் விழுந்ததால் ஒரு ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனேன். எழுபதைத் தாண்டியவர். கழுத்தை ஒரு கண்ணை மூடி நீளவாக்கில் பார்த்தார், நேர்க்கோலை வைத்துப் பார்த்தார், "இதில் எனக்கு வேலையே இல்லை" என்று முணுமுணுத்தார். பிறகு பின்பக்கம் விரல் முட்டியால் தட்டிக்கொண்டே, நான் இந்தத் துறை என்று தெரிந்துகொண்டு, உள்ளே எத்தனை அடுக்கு இருக்கும் என்று கேட்டார்.

அறுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றேன்.

சுவரில் மாட்டியிருந்த ரம்பத்தைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். ஃப்ரெட் மட்டும் மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.