280 எழுத்துக்குள் பழகிய ஆங்கிலம்

பள்ளியில் ஆங்கிலக் கட்டுரை என்றால் எனக்கு மனப்பாடம்தான். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் பேனா நின்றுவிடும். சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதப் பழகியது எக்ஸ் தளத்தில், அது ட்விட்டராக இருந்த நாட்களில். 280 எழுத்துதான் இடம் என்பதால் சுற்றி வளைக்க முடியாது. தினமும் ஒரு பதிவு, பார்த்த படமோ படித்த பாடமோ, அவ்வளவுதான்.

ஒருநாள் 'வி டிஸ்கஸ்ட் அபவுட் த மூவி' என்று எழுதினேன். முன்பின் தெரியாத ஒருவர், 'டிஸ்கஸ்' வந்தால் 'அபவுட்' வேண்டாம் என்று கீழே சொன்னார். நாலு பேர் பார்க்கும் இடத்தில் திருத்தம் வாங்கியது கூச்சமாக இருந்தது. ஆனால் அந்தப் பிழை பிறகு வரவே இல்லை. படத்தைப் 'பற்றி'ப் பேசினோம் என்று தமிழில் நினைக்கிறோம், அந்தப் 'பற்றி' ஆங்கிலத்திலும் கூடவே வந்துவிடுகிறது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'ஏ', 'த' விஷயம் இதற்கு நேர்மாறு. தமிழில் அவை இல்லை, அதனால் எழுதும்போது விட்டுப்போகும். என் பிழைகளில் பாதி இந்த இரண்டு வகைதான். நோட்டில் எழுதி வைத்த பிறகுதான் அது தெரிந்தது.

போனில் ஆட்டோ கரெக்ட்டை அணைத்துவிடுங்கள். அது திருத்திக் கொடுத்த ஸ்பெல்லிங் தேர்வு அறைக்கு நம்மோடு வராது. மற்றவர் பதிவுகளை ஸ்க்ரோல் செய்துகொண்டே இருந்தால் எழுத வரும் என்றும் நம்பாதீர்கள், நான் அதில் பல மாதம் தொலைத்தவன். திருத்தச் சொல்லிக் கேட்க நேர்ந்தால் ரெடிட் தளத்தில் 'ரைட் ஸ்ட்ரீக் இஎன்' (WriteStreakEN) குழு இருக்கிறது. தினம் எழுதிப் போடுபவர்களுக்கு அங்கே திருத்தம் கிடைக்கும். 13 வயது ஆகாதவர்களுக்குப் பெரும்பாலான தளங்களில் கணக்கு தொடங்க அனுமதியே இல்லை. அவர்கள் நோட்டில் எழுதி வீட்டில் காட்டலாம்.

இந்தப் பழக்கம் கைவிட்ட இடமும் உண்டு. வெளிநாட்டுப் படிப்புக்கு எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஈஎல்டிஎஸ்ஸில், எழுத்துத் தேர்வின் இரண்டாம் பகுதியில் 40 நிமிடத்தில் குறைந்தது 250 சொல் கேட்பார்கள். முதல் மாதிரித் தேர்வில் என் கட்டுரை ஒன்றோடொன்று ஒட்டாத பத்துப் பதிவுகள் மாதிரி இருந்தது. போதாக்குறைக்கு ஓரிடத்தில் 'யூ' என்பதை ஒற்றை எழுத்தாக எழுதியிருந்தேன்! அதன் பிறகு வாரக் கடைசியில் அந்த வாரப் பதிவுகளில் ஒன்றை எடுத்து, 'ஏன்', 'உதாரணம் என்ன' என்று கேட்டு, ஒரு பத்தியாகத் தாளில் விரித்து எழுதினேன். போனைத் தொடாமல், கையால்.