நூறு வரை எண்ணுவது

இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு இது 22-ஆவது ஆண்டு. இந்த வேலையில் பெரும்பகுதி எண்ணுவதுதான். ஸ்லைடில் மெல்லிதாக இழுத்துச் சாயமேற்றிய ஒரு துளி இரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, 1,000 மடங்கு பெரிதாக்கிப் பார்ப்போம். வெள்ளை அணுக்களை 100 வரை எண்ணி, அவற்றில் நியூட்ரோபில் எத்தனை, லிம்போசைட் எத்தனை, ஈசினோபில் எத்தனை என்று பிரித்துச் சொல்ல வேண்டும். ஒரு கை ஸ்லைடை நகர்த்தும். மறு கை எண்ணும் கருவியின் பொத்தான்களில் இருக்கும். 100 ஆனதும் மணி அடிக்கும். இப்போது பெரும்பாலான எண்ணிக்கையை இயந்திரமே செய்துவிடுகிறது. அதற்குச் சந்தேகம் வந்த ஸ்லைடுகள்தாம் எங்களிடம் வருகின்றன.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். விடாத காய்ச்சலோடு வந்த ஒருவரின் ஸ்லைடில் மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். கிருமி இல்லை என்று எழுதுவதற்கு முன் குறைந்தது 100 இடங்களையாவது பார்க்க வேண்டும் என்பது விதி. பார்த்தேன். 'இல்லை' என்று எழுதி, கையொப்பத்துக்காக மூத்த டெக்னீஷியனின் மேசையில் வைத்தேன். காய்ச்சலின் விவரத்தைப் படித்தவர் ஸ்லைடை எடுத்துத் தானும் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இங்கே வந்து பாரும்மா" என்று தன் இருக்கையிலிருந்து எழுந்து இடம் விட்டார். நீல நிறத்தில் சின்ன மோதிரம், அதன் ஓரத்தில் சிவப்புப் புள்ளி. பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல அவ்வளவு தெளிவாக இருந்தது. பக்கத்திலேயே இன்னொன்று.

அவர் அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. முடிவைத் திருத்தி அனுப்பினோம். அந்த நோயாளிக்கு அன்றே மருந்து தொடங்கிவிட்டார்கள்.

ஆனால் எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. நான் ஏமாற்றவில்லை. 100 இடங்களையும் உண்மையாகவே எண்ணினேன். கண் திறந்திருந்தது, கை தன்பாட்டுக்கு நகர்ந்தது, எண்ணிக்கையும் ஒழுங்காக ஏறியது. உள்ளேயோ முந்தைய இரவு அண்ணனோடு நடந்த வாக்குவாதம் ஓடிக்கொண்டிருந்தது. அவரிடம் சொல்லாமல் விட்ட பதில்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த மோதிரத்தை நான் கடந்து போனது எந்தப் பதிலின்போது என்று பல நாள் யோசித்திருக்கிறேன்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து, உடன் பணியாற்றிய ஒருவர் மூச்சை எண்ணும் தியானத்தைச் சொல்லித் தந்தார். மூச்சு வெளியேறும்போது ஒன்று. அடுத்தது வெளியேறும்போது இரண்டு. பத்து வந்ததும் மீண்டும் ஒன்று. இடையில் நினைவு எங்காவது போய்விட்டால், போனது தெரிந்தவுடன் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். எண்ணுவதே தொழிலான எனக்கு இதில் என்ன கடினம் இருக்கப்போகிறது என்று உட்கார்ந்தேன். முதல் நாள் நான்கைத் தாண்ட முடியவில்லை. இரண்டாம் நாள் விழித்துக்கொண்டபோது 17-இல் இருந்தேன். எண் ஓடிக்கொண்டே இருந்தது, மூச்சைத்தான் காணவில்லை. மலேரியா ஸ்லைடில் நடந்தது அப்படியே கண்முன் வந்தது.

5-ஆம் நூற்றாண்டில் இலங்கையில் புத்தகோசர் என்ற பௌத்தத் துறவி பாலி மொழியில் எழுதிய விசுத்திமக்கம் என்ற நூலில் இதற்கு விதி இருப்பதைப் பின்னாளில் படித்தேன். எண்ணிக்கையை ஐந்துக்குள் நிறுத்தக் கூடாது, பத்தைத் தாண்டவும் கூடாது என்கிறார். ஐந்துக்குள் நிறுத்தினால், இடுக்கமான தொழுவத்தில் அடைத்த மாடுகளைப்போல மனம் முட்டி மோதும். பத்தைத் தாண்டினாலோ அது மூச்சை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளும். முதலில் தானியம் அளப்பவரைப்போல நிதானமாக எண்ண வேண்டும். பழகியபின், தொழுவத்திலிருந்து வெளியேறும் மாடுகளை எண்ணும் இடையரைப்போல விரைவாக எண்ணலாம். எண்ணிப் பிழைப்பவர்களை அருகிலிருந்து பார்த்தவரால்தான் இப்படி எழுத முடியும் என்று எனக்குத் தோன்றியது. மனம் எண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்ற இடத்தில் என் வேலை முழுவதும் இருந்தது.

தொடக்கத்தில் நான் செய்த தவறு, மனத்தை அடக்கப் பார்த்தது. எங்கள் சென்ட்ரிஃப்யூஜ் நிமிடத்துக்கு 3,000 முறை சுழற்றி இரத்தத்தைப் பிரிப்பதுபோல, நினைவுகளையும் வலுக்கட்டாயமாக அடியில் அழுத்தப் பார்த்தேன். தலைவலிதான் வந்தது. சிவப்பணுக்கள் படியும் வேகத்தை அளக்கும் இ.எஸ்.ஆர். பரிசோதனையில் வேறு வழி இருக்கிறது. குழாயைச் செங்குத்தாக நிறுத்தி ஒரு மணி நேரம் தொடாமல் விட்டுவைப்போம். சிவப்பணுக்கள் தாமாகவே கீழிறங்கும். குழாய் சற்றுச் சாய்ந்துவிட்டால் அளவு தவறிவிடும். தினமும் நூறு தடவை செய்கிற வேலைதான். அதை எனக்கே பொருத்திப் பார்க்க இரண்டு ஆண்டுகள் ஆயின. நிமிர்ந்து உட்கார வேண்டும், கை வைக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அண்ணன் வருவார், வாக்குவாதம் வரும், முடிக்காத வேலை வரும். வந்ததைப் பார்த்துவிட்டு ஒன்றிலிருந்து தொடங்குவேன். ஒரே அமர்வில் முப்பது தடவை தொடங்கிய நாளும் உண்டு. அது வீணான நாள் என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. முப்பது தடவை, நான் அங்கே இல்லை என்பதைக் கண்டுபிடித்திருக்கிறேன். ஸ்லைடில் ஒரே ஒரு தடவை கண்டுபிடித்திருந்தால் போதுமே.

இந்தக் குறை எனக்கு மட்டும் உரியது என்று நெடுநாள் வெட்கப்பட்டேன். 2010-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2,250 பேரிடம், நாளின் ஏதேதோ நேரங்களில், இப்போது என்ன செய்கிறீர்கள், எதை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கைபேசி வழியாகக் கேட்டிருக்கிறார்கள். கேட்ட தடவைகளில் 46.9 சதவீதம், செய்கிற வேலையில் மனம் இல்லை. அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஆறுதலும் அச்சமும் சேர்ந்தே வந்தன.

இதையும் சொல்லியாக வேண்டும். நான் முன்பு இருந்த ஓரிடத்தில், மூன்று பேர் செய்த வேலையை இரண்டு பேரிடம் கொடுத்துவிட்டு, வாரம் ஒரு நாள் தியான வகுப்பு வைத்தார்கள். தியானத்தின்மீது எனக்கு இருக்கும் மரியாதையால்தான் அதை எதிர்த்தேன். ஒருவர் ஒரே நாளில் பார்க்க முடியாத அளவுக்கு ஸ்லைடுகளைக் குவித்துவிட்டு, தவறுக்குக் காரணம் உன் மனம் என்று சொல்வது அநியாயம். களைத்த கண்ணுக்கு வேண்டியது ஓய்வு; இன்னோர் ஆள்.

எனக்குக் கிடைப்பது சென்ட்ரிஃப்யூஜ் சுழலும் 10 நிமிடம். அதன் அருகில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவேன். வெளிமூச்சில் இதயத் துடிப்பு சற்றுத் தணியும். எண்ணத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அது உடம்பிலேயே தெரியும். சுழற்சி நிற்கும் ஓசை கேட்டதும் எழுந்துகொள்வேன்.

போன வாரம் ஒரு குழந்தையின் ஸ்லைடு வந்தது. எண்ணிக்கொண்டே போகும்போது பொத்தானின்மேல் விரல் நின்றது. மனம் மறுநாளின் வேலைப் பட்டியலில் இருந்தது. எப்போது போனது என்று தெரியவில்லை. கருவி 63-ஐக் காட்டியது. அதில் கடைசியாக எத்தனை அணுக்களை நான் உண்மையில் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. எண்ணிக்கையை அழித்தேன். ஸ்லைடை முதல் இடத்துக்குக் கொண்டுபோய், ஒன்றிலிருந்து தொடங்கினேன்.