அலமாரியில் ஒரு டேஞ்சன்ட் கால்வனோமீட்டர்

சென்னையில் நான் பணியாற்றிய கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில், பழைய அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்த, மின்னோட்டத்தை அளக்கும் டேஞ்சன்ட் கால்வனோமீட்டர் என்ற கருவியைத் துடைத்து வைக்கும் வேலை ஒருமுறை எனக்கு வாய்த்தது. கடற்காற்றில் பித்தளைப் பாகங்கள் களிம்பேறியிருந்தாலும், சமன்செய்யும் திருகுகள் மூன்றும் தடையின்றிச் சுழன்றன.

கம்பிச் சுருளைக் காந்தத் துருவத் தளத்தில், அதாவது காந்த ஊசி இயல்பாகக் காட்டும் வடக்கு-தெற்குத் திசையில், செங்குத்தாக நிறுத்தி மின்னோட்டத்தைச் செலுத்தினால் நடுவிலுள்ள காந்த ஊசி விலகும். அந்த விலகு கோணத்தின் டேஞ்சன்ட் மதிப்புக்கு மின்னோட்டம் நேர்விகிதத்தில் இருக்கும். ஊசி மிகச் சிறியது என்பதால் அதற்குச் செங்குத்தாக நீண்ட அலுமினியக் குறிமுள்ளைப் பொருத்தி, முள்ளும் அதன் பிம்பமும் ஒன்றாகப் பொருந்தும் நிலையில் அளவெடுப்பதற்காக அடியில் கண்ணாடியையும் பதித்திருந்தார்கள். அந்தக் கண்ணாடியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், எத்தனை அக்கறை!

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்லூரிகளுக்குக் கருவி விற்பதே தனித் தொழிலாக வளர்ந்தது. ஜெர்மனியின் செம்னிட்ஸ் நகரில் 1876-இல் தொடங்கிய மாக்ஸ் கோல், பிலடெல்பியாவின் ஜேம்ஸ் குவீன் போன்ற நிறுவனங்கள் படங்களும் விலையும் அச்சிட்ட தடித்த விலைப்பட்டியல்களை வெளியிட்டன. 1895-இல் ஜெர்மன் இயற்பியலாளர் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்ததும், அவற்றை உண்டாக்கத் தேவைப்பட்ட, ஏற்கெனவே விற்பனையில் இருந்த தூண்டு சுருளுக்கும் (உயர் மின்னழுத்தம் தரும் கருவி) வெற்றிடக் குழாய்க்கும் புதிய மதிப்பு கூடியது.

பாடம் நடத்தவென்றே செய்யப்பட்டதால் இக்கருவிகளின் உறுப்புகள் மறைக்கப்படாமல் கண்முன் நிற்கின்றன. அவற்றின் மேன்மை அதுவே என்று நினைக்கிறேன். கால்வனோமீட்டரை மறுபடி கீழ்த்தட்டில் வைக்க மனம் வரவில்லை. மாணவர்கள் தொட்டுத் திருகிப் பார்க்கும்படி ஜன்னலோர மேசையில் வைத்தேன்.